மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு மனிதர்

சென்ற விடுமுறையில், வீட்டு வரவேற்பறைக்கு ஸ்பீக்கர் வாங்க அப்பாவுடன் கடைக்குப் போயிருந்தேன். படமும் பார்க்க வேண்டும், பழைய பாடல்களும் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இருப்பதிலேயே பெரியதைத் தேடிக்கொண்டிருந்த எங்களிடம் கடைக்காரர் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்கவில்லை. அறை எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்பீர்கள் என்றுதான் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அளந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லித் திரும்பிவிட்டோம்.

அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாகவே கொண்டிருந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆனால் அவருடைய பெயரின் முதலெழுத்துகளை நம்மில் பலர் புத்தகப்பையில் தூக்கிக்கொண்டு திரிகிறோம். விடுதி அறையிலும் கடற்கரையிலும் ஒலிக்கும் அந்தச் சிறிய ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஜேபிஎல் என்பது ஜேம்ஸ் பி. லான்சிங் என்ற மனிதரைக் குறிக்கிறது.

லான்சிங் என்பது அவர் பிறந்தபோது இருந்த பெயர் அல்ல. 1902ஆம் ஆண்டு ஜனவரியில், இலினாய் மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர் ஒருவரின் மகனாக ஜேம்ஸ் மார்ட்டினி பிறந்தார். அந்த வீட்டில் 14 பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. சிறு வயதிலேயே மின்சாரத்தின் மீது தீராத ஆர்வம். பன்னிரண்டு வயது வாக்கில் அவர் தாமே ஒரு சிறிய வானொலி அலைபரப்பியைச் செய்தார் என்றும், அதன் அலைகள் கடற்படை நிலையம் ஒன்றின் காதுக்கு எட்டியதால் அதிகாரிகள் வந்து அதைக் கழற்றச் செய்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

அவர் பல்கலைக்கழகம் சென்று படித்தவர் அல்லர். கார் பட்டறையில் மெக்கானிக்காக வேலை செய்தார். 1924இல் தாயார் இறந்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்பி, மேற்கே சால்ட் லேக் சிட்டி நகருக்குப் போனார். அங்கே ஒரு வானொலி நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் தம் மனைவி கிளென்னாவைச் சந்தித்தார். கென் டெக்கர் என்ற நண்பரும் அங்கேதான் கிடைத்தார். டெக்கருக்குக் கணக்கும் வியாபாரமும் கைவந்த கலை; இவருக்குக் கருவிகள். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, 1927இல் லான்சிங் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜேம்ஸ் மார்ட்டினி, ஜேம்ஸ் புல்லோ லான்சிங் ஆனார்.

முதலில் அவர்கள் செய்தவை வானொலிப் பெட்டிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்கள். ஆனால் அதே 1927ஆம் ஆண்டில்தான் ஹாலிவுட் பேசத் தொடங்கியது. அதுவரை ஊமையாக இருந்த திரையரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக உட்கார்ந்து குரல் கேட்க வேண்டிய நிலை வந்தது. லான்சிங்கின் வாழ்க்கையில் வந்த முதல் பெரிய அறை இந்தத் திரையரங்குதான்.

அன்றைய திரையரங்கு ஸ்பீக்கர்களில் இரண்டு குறைகள் இருந்தன. கனமான தாழ்ந்த ஒலியும் மெல்லிய உயர்ந்த ஒலியும் அவற்றில் சரியாக வரவில்லை. இன்னொரு குறை கொஞ்சம் விசித்திரமானது. தாழ்ந்த ஒலிக்கு ஒரு கொம்பு, உயர்ந்த ஒலிக்கு ஒரு கொம்பு என்று தனித்தனியாக வைத்தபோது, இரண்டின் நீளமும் வேறுபட்டது. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 343 மீட்டர் தூரம் செல்கிறது. ஒரு கொம்பு மற்றதைவிட இரண்டு மீட்டர் நீளமாக இருந்தால், அதன் ஒலி கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஆறு பங்கு விநாடி தாமதமாக வரும். இது மிகச் சிறிய நேரம்தான். ஆனால் காலணியைத் தரையில் தட்டி ஆடும் நடனக் காட்சியில் ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்க இது போதும்.

எம்ஜிஎம் நிறுவனத்தின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரர் இதைச் சரிசெய்ய முடிவெடுத்தார். ஜான் ஹில்லியர்ட் என்ற பொறியாளர் தலைமையில் வேலை தொடங்கியது. ஒலியை உண்டாக்கும் பாகங்களைச் செய்யும் பொறுப்பு லான்சிங்கின் சிறிய பட்டறைக்கு வந்தது. தாழ்ந்த ஒலிக்கு 15 அங்குலக் கூம்புகள், உயர்ந்த ஒலிக்கு மெல்லிய உலோகத் தகட்டால் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஷன் டிரைவர் என்று இரண்டையும் அவர்கள் செய்தார்கள். இரண்டு ஒலிகளும் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்படி கொம்புகளின் நீளத்தைக் குறைத்து அமைத்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஷியரர் ஹார்ன் என்று பெயர். 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் தொழில்நுட்ப விருதும் இதற்குக் கிடைத்தது. விருது ஷியரருக்கும் எம்ஜிஎம் ஒலிப்பிரிவுக்கும் போனது. லான்சிங்கின் பெயர் அதில் இல்லை.

இரண்டாவது அறை ஒலிப்பதிவுக் கூடம். திரையரங்குக்குச் செய்த கொம்பை ஒரு சிறிய அறைக்குள் வைக்க முடியாது. ஆகவே அதே கருத்தைச் சுருக்கி, ஒரு 15 அங்குல ஊஃபரும் ஒரு சிறிய கொம்பும் கொண்ட ஐகானிக் என்ற ஸ்பீக்கரை 1937இல் வெளியிட்டார். பாடலைப் பதிவு செய்பவர்கள், தாங்கள் பதிவு செய்தது சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்கு அது பயன்பட்டது. இன்று நாம் கடையில் பார்க்கும், கீழே பெரிய ஊஃபரும் மேலே சிறிய டிவீட்டரும் உள்ள பெட்டி இந்த வழியில் வந்ததுதான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, 1939இல் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். லான்சிங்குக்கு நண்பரோடு கணக்குப் பிள்ளையும் போனார். கம்பிச் சுருளை ஒரு மயிரிழை பிசகாமல் சுற்றத் தெரிந்தவருக்கு வரவு செலவைச் சமாளிக்கத் தெரியவில்லை. நிறுவனம் கடனில் விழுந்தது. 1941 டிசம்பரில் ஆல்டெக் என்ற நிறுவனம் அதை 50,000 டாலருக்கு வாங்கியது. புதிய நிறுவனத்தின் பெயர் ஆல்டெக் லான்சிங். அவர் அதன் துணைத்தலைவர் ஆனார்.

பணக்கவலை நீங்கிய அந்த ஐந்து ஆண்டுகளில் அவருடைய கை மளமளவென்று வேலை செய்தது. ஊஃபரின் நடுவிலேயே உயர்ந்த ஒலிக்கான கொம்பைப் பொருத்தி, இரண்டு ஒலிகளும் ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் அமைந்த 604 என்ற ஸ்பீக்கர் அப்போது உருவானது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவர்களில் அதுதான் தொங்கியது. ஆனாலும் பிறர் நிறுவனத்தில் வேலை செய்வது அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும், 1946 அக்டோபரில் வெளியேறி மீண்டும் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்கு லான்சிங் சவுண்ட் என்று பெயர் வைத்தார்.

இப்போது ஒரு சிக்கல். லான்சிங் என்ற பெயர் ஏற்கனவே விற்கப்பட்டுவிட்டது! ஆல்டெக் எதிர்ப்புத் தெரிவித்தது. கடைசியில், தம்முடைய முழுப்பெயரையே நிறுவனத்தின் பெயராக வைத்துக்கொண்டு, ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று மாற்றினார். தம் சொந்தப் பெயரைப் பயன்படுத்த ஒரு மனிதர் வழி தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது அறை நம்முடைய வீடு. போருக்குப் பிறகு வீட்டிலேயே நல்ல இசை கேட்க வேண்டும் என்ற ஆசை அமெரிக்காவில் பரவியது. அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பல, பத்து இருபது வாட் ஆற்றல்தான் தந்தன. கொஞ்ச ஆற்றலில் நிறைய ஒலி தரும் ஸ்பீக்கர் தேவைப்பட்டது. அதற்காக அவர் செய்த டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கரில், கம்பிச் சுருள் நான்கு அங்குலம் அகலமானது. உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடா போன்ற கம்பியை விளிம்பில் நிற்கவைத்துச் சுற்றினார். இதனால் இடைவெளி குறைந்து, காந்தப் புலத்துக்குள் அதிக உலோகம் அடங்கியது. அதே மின்சாரத்துக்குக் கூடுதல் ஒலி வந்தது. இந்த ஸ்பீக்கர் அவர் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் விற்றது. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில்கூட அதன் ஒரு வகை இடம்பிடித்தது.

ஆனால் பழைய குறை அப்படியே இருந்தது. செலவைப் பார்த்து அவர் தரத்தைக் குறைக்கவில்லை. தரத்துக்கு ஏற்ற விலையும் கணக்கும் வைக்கத் தெரியவில்லை. மார்க்வார்ட் என்ற விமான எஞ்சின் நிறுவனம் இடமும் பணமும் தந்து கொஞ்ச காலம் தாங்கியது. 1949இல் அந்த நிறுவனம் கைமாறியதும் அந்த ஆதரவும் நின்றது. கடன் நெருக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில், 47 வயதில், லான்சிங் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அடுத்து நடந்தது இதுதான். மார்க்வார்டில் பொருளாளராக இருந்து, லான்சிங்கின் நிறுவனத்துக்கு வந்திருந்த வில்லியம் தாமஸ் பொறுப்பேற்று, நிறுவனத்தைக் கடனிலிருந்து மெல்ல மெல்ல மீட்டார். 1950களில் ஜேபிஎல் என்ற மூன்றெழுத்து பிறந்தது. 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கானோருக்குப் பாட்டைக் கொண்டுசேர்த்த அமைப்பில் ஜேபிஎல் ஸ்பீக்கர்களும் ஆல்டெக் கொம்புகளும் சேர்ந்தே இருந்தன. அவர் இழந்த நிறுவனமும் அவர் விட்டுச்சென்ற நிறுவனமும் ஒரே மேடையில் ஒலித்தன. கேட்பதற்கு அவர் இல்லை. தீரவே தீராது என்று அவர் நினைத்த கடன், சில ஆண்டுகளில் தீரக்கூடிய கடனாகத்தான் இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள டெக்கரைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போனதுதான் பெரிய இழப்பு.

நண்பர்களே, திறமை இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நாம் நினைப்பதுண்டு. லான்சிங்கைவிடத் திறமைசாலியை அவர் துறையில் காண்பது அரிது. நமக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதும், சுமை தாங்க முடியாதபோது நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதும் திறமையில் சேர்த்தியே. தேர்வோ, கல்விக்கடனோ, வீட்டுப் பிரச்சினையோ, எதையும் தனியாகச் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

அடுத்த நாள் அப்பாவும் நானும் அளவுநாடா எடுத்து வரவேற்பறையை அளந்தோம். பதினோரு அடி அகலம், பதினான்கு அடி நீளம். இந்த அறைக்கு 15 அங்குல ஊஃபர் தேவையில்லை. சிறிய ஊஃபர் கொண்ட ஒரு ஜோடி போதும் என்று முடிவு செய்தோம். திரையரங்குக்கு ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அறையைப் பார்த்துச் செய்தவர் லான்சிங். வாங்குகிற நாமும் முதலில் அறையைத்தான் பார்க்க வேண்டும்.