காந்தியின் இடுப்பில் தொங்கிய ஜெனித் வாட்ச்... கோடிகளுக்கு ஏலம் போனது ஏன்?

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர் காந்தி. லண்டனில் சட்டம் படித்து, தென்னாப்பிரிக்காவில் போராடி, 1915-ல் நாடு திரும்பினார். 1921-ல் மதுரையில் சட்டையைத் துறந்தார். ஆனா, வாட்ச்சை மட்டும் விடலை, இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார்.

அலாரம் வைத்த அந்த ஸ்விஸ் ஜெனித், இந்திரா கொடுத்த பரிசு. 1947-ல் ரயிலில் திருடுபோனது. சில மாதங்களில் திருடியவரே வந்து திருப்பிக் கொடுத்தார்.

1948 ஜனவரி 30 அன்று, படேலுடன் பேச்சு நீண்டதால் பிரார்த்தனைக்குச் சில நிமிடங்கள் தாமதம். போகும் வழியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம். கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டுடன் சேர்த்து 18 லட்சம் டாலருக்கு, அதாவது சுமார் 9 கோடி ரூபாய்க்கு, விஜய் மல்லையா வாங்கினார்.

பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் பிராண்ட், மாடல் பார்ப்பாங்க. ஆனா, யாரிடம் இருந்தது என்பதுதான் விலையைத் தூக்கும். சொத்தே வேண்டாம் என்றவரின் வாட்ச்சுக்கும் அதுதான் நடந்தது.