தனிக்கலைஞரும் தடைசெய்யப்பட்ட பாட்டும்: தியாகி விசுவநாததாசின் மேடை வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஸ்பெஷல் நாடக மரபு, எந்தக் குழுவையும் சாராத இசைக்கலைஞர்களை உருவாக்கியது. அம்மரபில் தோன்றிய நடிகரும் பாடகருமான விசுவநாததாஸ் (1886 – 1940), புராண நாடகங்களின் ஊடே விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவருடைய கலைவாழ்வு, குழு சாராத தன்மையால் பெற்ற உரிமையையும் அதற்குக் கொடுத்த விலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பெஷல் நாடகம், விசுவநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ், வள்ளி திருமணம், நாடகத் தடைச்சட்டம்

முன்னுரை

தமிழிசை வரலாறு பெரும்பாலும் அரசவை, கோயில், சபா ஆகிய நிறுவனங்களைச் சார்ந்தே எழுதப்பட்டுள்ளது. நிறுவனத்தின் புரவு இன்றி ஊர் ஊராகச் சென்று, ஓரிரவுக் கூலிக்குப் பாடிய கலைஞர்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். அவர்களுள் விசுவநாததாஸ் விடுதலைப் போராட்டத் தியாகியாக நன்கு அறியப்பட்டவர். எனினும், அவருடைய தியாகம் பேசப்படும் அளவிற்கு அவர் இயங்கிய கலைத்தொழிலின் அமைப்பு பேசப்படுவதில்லை. இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போதே அவர் வாழ்வின் பொருள் தெளிவாகிறது.

பிறப்பும் சமூகப் பின்புலமும்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலம் அவருடைய வாழ்விடமாயிற்று. அவர் பிறந்தது மருத்துவர் எனவும் நாவிதர் எனவும் வழங்கப்பட்ட சமூகம் ஆகும். முடிதிருத்தல், நாட்டு மருத்துவம், மகப்பேறு பார்த்தல் ஆகியவற்றுடன் பல ஊர்களில் மேளம் வாசித்தலும் இச்சமூகத்தாரின் தொழிலாக இருந்தது. ஊரின் நன்மை தீமைகள் அனைத்திற்கும் இன்றியமையாதவர்களாக இருந்தும் சாதிப் படிநிலையில் இவர்கள் தாழ்த்தியே வைக்கப்பட்டனர். இந்த முரண் விசுவநாததாசை மேடையிலும் தொடர்ந்தது. அவர் குரலுக்குக் கூட்டம் திரண்டது. ஆனால் அவருடன் இணையாக நடிக்கச் சில நடிகையர் சாதியைக் காட்டி மறுத்தனர். அந்நிலையில் அவருடன் நடிக்க முன்வந்தவர்களுள், பிற்காலத்தில் பொதுவுடைமை இயக்கத் தலைவராக விளங்கிய கே.பி. ஜானகி அம்மாள் குறிப்பிடத்தக்கவர்.

ஸ்பெஷல் நாடகத்தின் இயங்குமுறை

சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922) இயற்றிய நாடகங்கள் தென்தமிழகத்தில் பொதுப் பனுவல்களாக நிலைபெற்றன. நடிகர் அனைவரும் அவற்றை மனப்பாடமாக அறிந்திருந்தமையால், ஒருவரையொருவர் முன்னர்ச் சந்தித்திராத கலைஞர்களும் ஒத்திகையின்றி ஓரிரவில் கூடி நடிக்க முடிந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டனர். கம்பெனி நாடக நடிகர் முதலாளிக்குக் கட்டுப்பட்டவர். ஸ்பெஷல் நாடக நடிகரோ தம் குரலையும் பெயரையும் மட்டுமே முதலாகக் கொண்டவர்.

இவ்வமைப்பில் எழுதிய பனுவலைவிட மேடையில் அந்நேரத்தில் விளையும் தருக்கமும் பாட்டுமே முதன்மை பெற்றன. காட்சிக்கு நடுவே புதிய பாட்டொன்றைச் சேர்ப்பது மரபை மீறிய செயல் அன்று. மரபே அனுமதித்த உரிமை. இவ்வுரிமையையே விசுவநாததாஸ் அரசியலுக்குப் பயன்படுத்தினார்.

தினைப்புனமும் தடையும்

முருக வழிபாடு வேரூன்றிய பகுதி மதுரை, திண்டுக்கல் வட்டாரம். அடிவாரத்தில் பழனி, மேல்மலையில் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் என அவ்வழிபாடு மலையோடு பிணைந்தது. இப்பகுதியின் கோயில் விழாக்களில் வள்ளி திருமணம் விரும்பிக் காணப்பட்ட நாடகம் ஆகும். பரண் மீதிருந்து வள்ளி பறவைகளை விரட்டும் தினைப்புனக் காட்சி குறிஞ்சித்திணையின் பழைய மரபைச் சார்ந்தது. அக்காட்சியில் வெள்ளைக் கொக்கை ஓட்டுவதாக அமைந்த, மதுரகவி பாஸ்கரதாஸ் (1892 – 1952) இயற்றியதாக அறியப்படும் பாடலை விசுவநாததாஸ் பரப்பினார். தினையைக் கவரவரும் பறவை, நாட்டின் விளைவைக் கவரவந்த வெள்ளையராக அவையோருக்குப் புலப்பட்டது. விளக்கம் தேவைப்படவில்லை. 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலாபாக் படுகொலை குறித்த பாஸ்கரதாசின் பாடலும் இவ்வாறே மேடையேறியது.

1876ஆம் ஆண்டு நாடகத் தடைச்சட்டம் அரசை எதிர்க்கும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை ஆட்சியாளர்க்கு அளித்திருந்தது. ஆயினும், முருகன் கதையை எவ்வாறு தடைசெய்வது? கதையில் குற்றமில்லை, குற்றம் இடையே வந்த பாட்டில் இருந்தது. அப்பாட்டும் பாடி முடித்த பின்னரே கண்ணுக்குப் புலனாகும். எனவே அரசு நாடகத்தை விடுத்துப் பாடகரைப் பிடித்தது. விசுவநாததாஸ் 29 முறை சிறை சென்றார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் பரவலாக இடம்பெறும் செய்தி.

குழு சாராமையின் விலை

கம்பெனி நடிகர் இத்தகைய பாடலைப் பாடியிருப்பின் முதலாளியின் உரிமமும் முதலீடும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே முதலாளியே அதனைத் தடுத்திருப்பார். தடுக்க ஒருவர் இல்லாமையே விசுவநாததாசின் உரிமைக்கு அடிப்படை. ஆனால் தாங்கவும் ஒருவர் இல்லை. சிறையில் கழிந்த ஒவ்வோர் இரவும் ஊதியமற்ற இரவு. கைதுக்கு அஞ்சிய ஒப்பந்தக்காரர்கள் அவரை அழைக்கத் தயங்குவதும் இயல்பே. 1931ஆம் ஆண்டுக்குப் பின் பேசும்படம் நாடக மேடையின் பார்வையாளரை ஈர்த்துக்கொண்டது. இச்சூழலில் அவருடைய குடும்பம் கடனில் ஆழ்ந்தது.

இறுதி மேடை

அக்கடன் சுமையோடுதான் அவர் 1940ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை ராயல் தியேட்டரில் நடிக்க ஒப்புக்கொண்டார். உடல்நலம் குன்றியிருந்தது. உலகப்போர் தொடங்கிவிட்ட காலம். காந்தியடிகள் தனிநபர் சத்தியாகிரகத்தை அறிவித்திருந்த ஆண்டு. டிசம்பர் 31 அன்று வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. தெய்வ வேடத்தில் மேடையில் நேர்ந்த இம்மரணம் அவரைப் பற்றிய நினைவின் மையமாயிற்று. ஆயினும், நோயுற்ற ஒருவரை அம்மேடைக்கு அழைத்துச் சென்றது கூலியின் தேவை என்பதை அந்நினைவு மறைத்துவிடலாகாது.

முடிவுரை

விசுவநாததாசின் வாழ்விலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. பனுவலுக்குள் அடங்காத பாட்டை ஸ்பெஷல் நாடகம் அனுமதித்தமையால், தணிக்கைக்குள் அகப்படாத அரசியல் இசை தமிழகத்தில் இயன்றது என்பது ஒன்று. அவ்விசையின் முழு இழப்பையும் தனிமனிதரும் அவர் குடும்பமுமே ஏற்றனர் என்பது மற்றொன்று. திருமங்கலத்தில் தமிழக அரசின் நினைவகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாதியால் விலக்கப்பட்டும் சட்டத்தால் துரத்தப்பட்டும் பாடிய இத்தகைய கலைஞர்களைத் தியாகிகளாக மட்டுமன்றி, தமிழிசை வரலாற்றின் உறுப்பினராகவும் கருதி ஆராய்தல் வேண்டும்.