கணிதமேதை இராமாநுஜனார்

தறியொலியும் கோயில் மணியொலியும் இடையறாது கேட்கும் காஞ்சிமாநகர்க்கும் கணித உலகிற்கும் ஒரு தொடர்புண்டு. 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்த ஸ்ரீநிவாச இராமாநுஜனார், இளமையிற் சிலகாலம் தாயின் பெற்றோரிடம் இந்நகரில் வளர்ந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு புடைவைக் கடையின் கணக்கர்.

பொருள் வளமற்ற அவ்விளைஞர், இரவலாகக் கிடைத்த ஒரு கணித நூலையே ஆசானாகக் கொண்டார். பிற பாடங்களை மறந்தமையால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப். ஏ. தேர்வில் தவறினார். காகிதத்திற்குப் பொருளின்றிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்துக் கணக்கிட்டார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்திற் குமாஸ்தாவானார். பின்னர்ப் பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-இல், 32-ஆம் வயதிலேயே மறைந்தார்.

ஆயினும் அவர் கணக்கு மறைந்திலது. 'பை' என்னும் எண்ணைக் காண அவர் 1914-இல் வெளியிட்ட தொடரொன்றில், ஒவ்வோர் உறுப்பும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைப் புதிதாகத் தரும். 1985-இல் கோஸ்பர் என்பார் அதனையே கணிப்பொறிக்கு வழிமுறையாக்கி, ஒரு கோடியே எழுபது லட்சத்திற்கு மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார்.

நண்பர்காள்! தேர்வு தள்ளிய ஒருவரைத் தாங்கியவை இரவல் நூலும் அன்பர் உதவியுமே. அத்தகையார் இன்றும் காஞ்சியின் தறிக்குடிகளில் இருத்தல் கூடும். பகலிற் பாவோடுபவர்க்கு மாலையிலன்றி ஓய்வில்லை. ஆதலின், கணிப்பொறி வழிமுறைகளைக் கட்டணமின்றிக் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றை அங்கு யாமே தொடங்குதல் நன்று. அறிந்ததை ஈவதே அப்பெரியார்க்கு யாம் செய்யும் வணக்கமாகும்.