மொண்டிசோரி அம்மையாரும் பிள்ளையின் கையும்

இலங்கையில் மொண்டிசோரி என்ற சொல் வழங்காத ஊரில்லை. சின்னப் பிள்ளை எங்கே என்று கேட்டால் மொண்டிசோரிக்குப் போய்விட்டது என்கிறோம். நாம் வைத்தியராகப் பணிபுரியும் வில்கமுவவில் சிங்களத் தாய்மாரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் எம்மைப் போல வைத்தியம் படித்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது. எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். உரோமில் மருத்துவம் பயின்றார். ஆண் மாணவரோடு சேர்ந்து பிரேதம் அறுக்க அனுமதி கிடைக்காததால், மற்றவர்கள் போனபின் தனியே நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896இல் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

உரோமில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று கண்டு, இத்தார், செகான் என்ற இரு பிரெஞ்சுக்காரரின் நூல்களைத் தேடினார். இத்தார் பாரிஸில் செவிப்புலனற்றோர் பாடசாலையின் வைத்தியர். 1800இல் அவேரோன் காட்டுப்புறத்திற் பிடிபட்ட விக்தர் என்ற சிறுவனுக்குப் பேச்சுக் கற்பிக்க அவர் ஐந்தாண்டுகள் முயன்றும் பேச்சு வரவில்லை. அதே கட்டடத்தில் செவிப்புலனற்ற பிள்ளைகள் கைகளால் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கைமொழியை விக்தருக்குக் கற்பிக்க இத்தார் முனையவில்லை. அவருடைய மாணவரான செகானோ பிள்ளையின் கையையும் தொடுபுலனையும் கல்விக்கு வாயிலாக்கினார். அம்மையார் இருவரின் நூல்களையும் தம் கையாலேயே இத்தாலியில் எழுதிப் படித்தார். அவ்வழியிற் பயிற்றிய பிள்ளைகளிற் சிலர் பொதுப் பாடசாலைப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினர்.

1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணமாகாத தாய் என்பதால் பிள்ளையைப் பிறரிடம் வளர்க்கக் கொடுக்க நேர்ந்தது. உலகத்துப் பிள்ளைகளுக்காக உழைத்தவர் தம் பிள்ளையின் மழலையை அருகிருந்து கேட்க முடியவில்லை. வளர்ந்தபின் மகன் தாயிடம் வந்து சேர்ந்தார்.

1907 ஜனவரி 6ஆம் திகதி உரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைகளின் குடியிருப்பில் அம்மையாரின் முதற் பாலர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலாற் தடவியபடி ஒலியைச் சொன்னார்கள். ஏடு தொடக்கும் நாளில் பச்சையரிசியில் விரல் பிடித்து எழுதுவித்த நமக்கு இது அந்நியமானதன்று. ஒருநாள் மொட்டைமாடியில் புகைபோக்கியைச் சோக்கால் வரைந்துகொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன், எவரும் எழுதக் கற்பிக்காமலே, நிலத்தில் ஒரு சொல்லை எழுதினான். அவன் எழுதிய முதற் சொல் கை.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அம்மையார் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. ஆங்கில அரசு மரியோவைத் தடுப்பு முகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. அதன்பின் தாய் இத்தாலியிற் சொல்ல, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, வேறு வேறு தாய்மொழிகள் பேசிய நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் பயின்றார்கள். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். குழந்தை தன்னைச் சூழ்ந்த மொழியை எவரும் பாடம் நடத்தாமலே உள்வாங்குகிறது என்ற அவரது கருத்தை விளக்கும் நூல், இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து பிறந்து 1949இல் சென்னையில் வெளியாயிற்று. 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தில் காலமானார்.

இன்று அவர் பெயரைத் தாங்கிய இடங்களிலேயே நான்கு வயதுப் பிள்ளை கொப்பி நிறைய எழுத்தெழுதிக் கை சோர்ந்து போகிறது. விரல் நீட்டிக் காட்டும் குழந்தையை, கையைக் காட்டாதே, வாயாற் சொல் என்று அதட்டும் பெற்றோரை நாம் நாளாந்தம் காண்கிறோம். சுட்டிக்காட்டுவது பேச்சுக்கு முன்னோடி. ஒரு வயது கடந்து சில மாதங்களாகியும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளையைத்தான் வைத்தியரிடம் கொண்டுவர வேண்டும். பேச்சுப் பிந்தினால் முதலிற் செவிப்புலனைச் சோதிக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்குக் கைமொழி குறைமொழி அன்று, இலக்கணமுள்ள முழுமொழி. அதைத் தடுத்தால் பிள்ளைக்கு எந்த மொழியும் இல்லாமற் போகலாம்.

எமது பழைய மாணவிகளில் ஆசிரியைகள், தாய்மார், பாட்டிமார் பலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை மொண்டிசோரிக்கு அனுப்பும்போது எத்தனை எழுத்துத் தெரியும் என்று கேட்குமுன், அதன் கைக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.