சாயப்பூச்சி தேடிய சைதாப்பேட்டை டாக்டர்

மதுரைப் பக்கம் கண்மாய்க் கரையிலும் வேலியோரத்திலும் ஒற்றையாய் நிற்கும் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்திருப்பீர்கள். நாகதாளி என்றும் சொல்வீர்கள். அதன் மட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் விரலால் நசுக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாய்ச் சாறு வரும். அந்தப் பூச்சியின் பங்காளி ஒன்றை நம் நாட்டுக்கு வரவழைக்கப் பாடுபட்டவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். மருத்துவத் துறையின் தலைமைப் பதவி வரை போனார். மனம் மட்டும் தோட்டத்திலேயே கிடந்தது. மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கச் சொல்லி எல்லோரையும் தூண்டினார்.

அந்தக் காலத்தில் நல்ல சிவப்புச் சாயம் மெக்சிகோவின் கள்ளிப்பூச்சியிலிருந்து வந்தது. வியாபாரம் ஸ்பெயின்காரர் கையில். 1786-ல் சென்னையில் ஒரு புல்லில் கண்ட பூச்சியையே அந்தச் சாயப்பூச்சி என்று நம்பி, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார் ஆண்டர்சன். சாயம் தேறவில்லை. மனிதர் விடவில்லை. பூச்சி கைக்கு வரும் முன்பே அதற்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். உறவுக்காரர் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார்.

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. ஆனால் அது அசல் இனமல்ல, மட்டச் சாயம் தரும் காட்டு இனம். தொழில் படுத்தது. 1800-ல் தோட்டத்தையும் மூடினார்கள். ஆண்டர்சன் 1809-ல் சென்னையிலேயே காலமானார்.

பூச்சியோ தன் பாட்டில் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வட இந்தியாவில் ஒரு கள்ளி இனம் அதனால் அழிந்ததைக் கண்டு, 1836 முதல் 1838 வரை அதைத் தெற்கேயும் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை ஏவிக் களையைக் கொல்லும் வேலை உலகில் தொடங்கியதே இப்படித்தான் என்று சொல்லலாம். சாயத்துக்கு வந்தது களைக்கொல்லியாகும் என்று பாவம், டாக்டர் நினைத்திருக்க மாட்டார்.

நம் பக்கத்து நாகதாளியை மட்டும் அந்தப் பூச்சி தொடவில்லை. அது வேறு கள்ளி. அதற்கு வேறு பூச்சி வேண்டியிருந்தது. 1926-ல் இலங்கை வழியாக அந்த இனம் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 1 லட்சம் ஏக்கர் கள்ளிக்காடு கருகிச் சரிந்தது. நிலம் திரும்பக் கிடைத்தது.

அந்தப் பூச்சி இன்னும் இங்கேதான் இருக்கிறது. தீவனத்துக்கு முள்ளில்லாக் கள்ளி நடப்போகிறீர்களா? அதையும் அது விடாது. முதலில் உங்கள் வேலியோர நாகதாளியில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். விதை மட்டை வாங்கும்போது இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.