மின்பொறியாளர் லலிதா அம்மையார்

பொறியியல் பயிலும் பெண்களைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. 1940ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, அதுவரை மாணவியர் எவரையும் சேர்த்துக்கொண்டதில்லை. அங்கு முதன்முதலாக அடியெடுத்து வைத்தவர் அய்யலசோமயாஜுல லலிதா அம்மையார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று நாடு போற்றுவது இவரைத்தான். அவர் அக்கல்லூரிக்குள் நுழைந்த கதை பலரும் அறிந்தது. நுழைந்தவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலிலேயே எவ்வாறு நிலைத்து நின்றார் என்பதே என் சிந்தையைக் கவர்ந்தது. கணினி அறிவியல் பயிலும் என்னைப் போன்ற மாணவியருக்கு அதுவன்றோ இன்றியமையாத செய்தி!

லலிதா 1919 ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆண்மக்கள் பொறியியல் படிக்க, பெண்மக்களின் கல்வி பள்ளியோடு நின்றது. அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதிலேயே மணம் முடிந்தது. 1937இல் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது கணவர் காலமானார். தாய்க்கு அப்போது வயது பதினெட்டு!

கணவனை இழந்த பெண்ணுக்கு அந்நாளைய சமூகம் வகுத்திருந்த வாழ்வு எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. லலிதா தந்தையின் இல்லம் திரும்பினார். தம் காலில் தாம் நிற்க வேண்டும், அதற்குக் கல்வியே துணை எனத் துணிந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் முதல் வகுப்பில் தேறினார். அக்காலத்தில் படித்த பெண்கள் நாடிய உயர்தொழில் மருத்துவம். லலிதாவோ அதை வேண்டாமென்று ஒதுக்கினார். நள்ளிரவில் அழைத்தாலும் மருத்துவர் புறப்பட வேண்டும். கைக்குழந்தையை விட்டு எங்ஙனம் செல்வது? காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் தொழில் வேண்டும் என்றே பொறியியலைத் தேர்ந்தார். ஏதோ ஒரு பெருங்கனவு அவரை மின்சாரத்தின்பால் ஈர்த்தது என்று எழுதினால் கட்டுரை இனிக்கும். ஆயின் உண்மையில் அவரை வழிநடத்தியது தொட்டிலில் கிடந்த குழந்தையே.

மகளுக்காகத் தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவையும் பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமையும் அணுகினார். இருவரும் இசைந்தனர். நூற்றுக்கணக்கான ஆடவர் பயிலும் வளாகத்தில் ஒரே ஒரு மாணவி! மாணவர்கள் தொல்லை கொடுத்ததாகச் செய்தியில்லை. ஆயினும் விடுதியில் தனிமை அவரை வாட்டியது. தனிமரம் தோப்பாகாது என்பதைத் தந்தையார் உணர்ந்தார். மேலும் பெண்களைச் சேர்க்க முயன்றார். அடுத்த ஆண்டே லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தனர். மகளுக்கு இடம் கேட்டு வாங்கியதைவிட அவளுக்குத் தோழியரைத் தேடித் தந்ததையே சுப்பாராவின் பெருஞ்செயலாக நான் கருதுகிறேன். இந்தத் திரேசியா அம்மையாரே 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர்.

உலகப் போரின் காரணமாகப் படிப்புக் காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் ஒருங்கே பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழில் ஆடவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம்! சிரிப்பு வருகிறது, சற்று எண்ணினால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பீகாரில் உள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றபின், 1944இல் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பணியேற்றார். ஏன் சிம்லா? அங்கே அவருடைய தமையனார் குடும்பத்தோடு வாழ்ந்தார். மகளை உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. பிறகு சிறிது காலம் தந்தையின் ஆராய்ச்சிக்கு உதவினார். 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தில் சேர்ந்தார். ஏன் கல்கத்தா? அங்கே மற்றொரு தமையனார் இருந்தார். அவர் வீட்டிலும் ஏறத்தாழ அதே வயதுடைய ஒரு சிறுவன். இரு பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்தனர். பகலெல்லாம் அத்தை பார்த்துக்கொண்டதால்தான் தாய் அலுவலகத்தில் அமைதியாக வரைபடம் வரைய முடிந்தது. முதல் பெண் பொறியாளர் என்று லலிதாவின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கிறோம். அந்த அண்ணியாரை யார் நினைக்கிறார்கள்?

எங்கள் துறையில் முன்னர் பயின்ற அக்கா ஒருவர், மென்பொருள் நிறுவனமொன்றில் மூன்றாண்டு திறம்படப் பணியாற்றியவர். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டார். திறமை குறைந்தா விட்டார்? இல்லை. மாலை ஆறு மணிக்குப் பின்னும் கூட்டம் வைக்கும் அலுவலகம். குழந்தையை வைத்துக்கொள்ள ஆளில்லாத வீடு. லலிதாவின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த அக்காவின் முகமே என் கண்முன் நிற்கிறது.

கல்கத்தாவில் மின்கடத்தித் தடங்களையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் வடிவமைப்பது லலிதாவின் பணி. 1963இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த பக்ரா அணை, 226 மீட்டர் உயரம் கொண்டது. பக்ரா நங்கல் திட்டத்தின் மின் அமைப்புகளில் இவருடைய கைவண்ணமும் உண்டு. எனினும் களப்பணிகளை நாடி ஊர் ஊராகச் செல்லவில்லை. மேசைப் பணியையே ஏற்றார். மகளை விட்டு நெடுநாள் பிரிய வேண்டாம் என்பதே காரணம். தாம் வரைந்தவை எழும்புவதை அருகிருந்து காண எந்தப் பொறியாளருக்குத்தான் ஆசையிராது? இதை அவர் தந்த விலை என்றே நான் சொல்வேன். தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை.

இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1953இல் இவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு கூடியது. இந்தியாவில் அத்தகைய அமைப்பு ஏதும் அப்போது இன்மையால் அம்மையார் தனிப்பட்ட முறையில் சென்று கலந்துகொண்டார். விடுதி அறையில் தனித்திருந்த அந்தப் பெண், உலகெங்கிலுமிருந்து வந்த தம் தொழில்முறைச் சகோதரியரிடையே அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! மறு ஆண்டு பிரிட்டனின் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1967இல் கேம்பிரிட்ஜில் இரண்டாம் மாநாடு நடந்தபோது, அதுபற்றி இந்தியப் பெண் பொறியாளர்களிடையே செய்தி பரப்பும் பொறுப்பையும் விரும்பி ஏற்றார்.

மறுமணம் செய்துகொள்ளாமல் மகளை வளர்த்து ஆளாக்கிய அம்மையார் 1977இல் பணி ஓய்வு பெற்றார். ஈராண்டு கழித்து, 1979 அக்டோபர் 12ஆம் நாள், மூளை இரத்தக்குழாய் நோயினால் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.