குரு வராத நாட்களுக்கான ஆயத்தம்: யோசேவ் வாஸ் அடிகளார்

1687ஆம் ஆண்டு கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார் யோசேவ் வாஸ். 1651இல் கோவாவில் பிறந்த கத்தோலிக்கக் குரு. இலங்கையின் கரையோரம் அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அவர்களை ஒளித்து வைப்பவர்களும் தண்டிக்கப்பட்டார்கள்.

வந்தவுடனேயே வயிற்றோட்டத்தில் விழுந்தார். பின்னர் சில்லாலை மக்கள் அடைக்கலம் கொடுக்க, இரவுகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். தமிழ் கற்றார், பிறகு சிங்களமும் கற்றார். தேடுதல் இறுகியதும் கண்டி அரசுக்கு உட்பட்ட புத்தளத்துக்கு நகர்ந்தார். 1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கீச உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் அடைத்தார்கள். பின்னர் அவரை நம்பி, நடமாட அனுமதித்தவன் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளை வாஸ் தேடிப்போய்ப் பராமரித்தார்.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது இந்தச் சாகசங்கள் அல்ல. முதல் பல ஆண்டுகள் உதவிக்கு இன்னொரு குரு இல்லாமல் தனியாக அலைந்த மனிதர் அவர். ஓர் ஊருக்குத் திரும்பி வர மாதக்கணக்காகலாம், பிடிபட்டால் வராமலே போகலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஊருக்கு ஊர் பொதுநிலையினரைப் பொறுப்பாக்கினார். சபையை நடத்த மூப்பர், செபம் சொல்லவும் ஞானோபதேசம் படிப்பிக்கவும் அண்ணாவியார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி இந்த வேலைக்கு வலுச் சேர்த்தார். வாஸ் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். ஒல்லாந்தர் ஆட்சி அதற்குப் பிறகும் எண்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. சபை அழியவில்லை.

சப்ரகமுவவில் அன்று தேயிலையும் இல்லை, இறப்பரும் இல்லை. தோட்டங்கள் உருவானது அடுத்த நூற்றாண்டில், பிரித்தானியர் காலத்தில். ஆனாலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் செய்தி சேகரிக்கப் போகும்போது வாஸின் ஏற்பாட்டை நான் நினைத்துக்கொள்கிறேன். லயன்களுக்குப் பக்கத்துச் சிற்றாலயங்களில் பல ஞாயிறுகளில் செபம் சொல்பவர் குரு அல்ல. கிழமை முழுக்கப் பால் வெட்டியவரோ கொழுந்து பறித்தவரோதான். 1854இல் அங்கிலிக்கன் சபையார் தொடங்கிய தமிழ்க் கூலி மிசனும் தமிழ் உபதேசியார்களை நம்பியே தோட்டந்தோட்டமாக நடந்தது.

1977, 1981, 1983 வன்செயல்களில் இந்தத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அங்கே போர் அவர்களை மறுபடியும் இடம்பெயர்த்தது. கோயில் இல்லாத இடத்தில் தறப்பாளுக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்துச் செபமாலை சொல்லத் தெரிந்த ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸைப் புனிதராக அறிவித்தார். அன்றே மடுவுக்கும் போனார். அதன்பின் வாஸின் சொரூபங்கள் பல ஆலயங்களில் வைக்கப்பட்டன. சொரூபம் வைப்பது இலகு. தோட்டத்து மூப்பருக்கு ஒழுங்கான பயிற்சியும், கையில் நல்ல புத்தகமும், முடிவெடுக்கும் இடத்தில் ஒரு கதிரையும் கொடுப்பதுதான் கடினம். முந்நூறு வருடத்துக்கு முன் வாஸ் தொடங்கியது அந்தக் கடினமான வேலையைத்தான்.